புல்லுக்கு உறைமோர்

கிருமியைக் கொல்லுகிறவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. கிருமியைப் போத்தலில் வளர்த்துத் தோளில் சுமந்து திரிகிறவனைக் கண்டால் நாய்கூட மற்றப் பக்கத்தால்தான் போகும்.

நான் இரண்டாவது வகை. மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளப்பில் முப்பத்தெட்டு வருசம் புல்லுப் பார்த்தவன். அங்கே பந்தடிக்கிற புல்லு எவ்வளவு வழுவழுப்பு என்றால், துரைமார் தட்டிவிட்ட பந்து உருளத் தொடங்கினால் நிற்காது. அடுத்த கிழமை தபாலில்தான் திரும்பி வரும். ஓய்வெடுத்துக்கொண்டு புங்குடுதீவுக்கு வந்தபோது இனிப் புல்லோடு எனக்கு என்ன அலுவல் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் புல்லு என்றால் பிடுங்குகிற சாமான். ஆனால் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே மாடிவீடு கட்ட, அந்த வீடுகளுக்கு முன்னால் விலைக்கு வாங்கிய புல்லு பாய் மாதிரிச் சுருட்டி லொறியில் வந்து இறங்கத் தொடங்கியது. இறங்கிய புல்லுக்கு நோயும் வந்தது. மனிசருக்கு நோய் வந்தால் பரியாரியைக் கூப்பிடுகிறார்கள். புல்லுக்கு நோய் வந்தால்? நான் 'புல்லுப் பரியாரி' ஆனேன்.

மருந்தடிக்கிற மெசினை முதுகில் மாட்டி இடுப்பும் நாரியும் நொந்த சகபாடிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆங்காங்கே கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன். புல்லைப் பற்றிச் சொன்னதில் மட்டும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எட்டு வட்டம்

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் ஊற்றி ஓய்ந்த காலை, மங்களம் என் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். கனடாவில் இருக்கிற சபேசன் என்பவரின் மாடிவீட்டைப் பார்த்துக்கொண்டு, பின்பக்கத்து அறையில் இரண்டு ஆடுகளோடு இருப்பவள். அறுபதுக்கு ஒன்றிரண்டு குறையும். போய்ப் பார்த்தால், வீட்டுக்கு முன்னால் அரை வொலிபோல் மைதானம் அளவு புல்லில் எட்டு வட்டம். ஒவ்வொன்றும் சுளகளவு. நடுவில் வைக்கோல் நிறம், ஓரத்தில் புகை பிடித்த கறுப்பு. விடியற்காலைப் பனியில் குனிந்து பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வெள்ளைப் பூஞ்சணம் ஓடியிருந்தது. விசாரித்தேன். வீடியோவில் பார்த்த சபேசன் "பச்சை காணாது" என்றாராம். இவள் இரண்டு பேணி யூரியாவை விசுக்கியிருக்கிறாள். போதாததற்கு மழையில்லாத நாளெல்லாம் பொழுதுபடத் தண்ணீர் விட்டிருக்கிறாள். ஈரத்தலையோடு படுத்த பிள்ளைக்குத் தடிமன் பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

"புல்லுப் பட்டுப்போனா எல்லாத்தையும் வழிச்செறிஞ்சு கல்லுப் பதிச்சுப்போட்டு, வீட்டை ரூறிஸ்ற் ஆக்களுக்கு விடப்போறாராம் அண்ணை. என்ரை அறை இருக்கிற இடத்திலைதானாம் அவையின்ரை வான் வாகனம் நிக்கிறது. மார்கழி லீவுக்கு வாறார், இன்னும் அஞ்சு கிழமை" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் இருந்த இடங்களை எண்ணினா இது ஒன்பதாவது. பத்தாவதுக்கு நடக்க என்னட்டைக் கால் இல்லை."

அந்த நேரம் பார்த்து முன்வீட்டுக் கந்தசாமி மாஸ்டர் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தார். நாற்பது வருசம் கணக்குப் படிப்பித்தவர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். எட்டு வட்டத்தையும் குறுக்காலும் நெடுக்காலும் அளந்து, நிமிர்ந்து, மங்களத்தின் ஆடுகளை ஒரு பார்வை பார்த்து, என்னிடம் தீர்ப்புச் சொன்னார்: "கயித்திலை கட்டின ஆடு வட்டமாத்தான் மேயும் காணும். கட்டை அடிச்ச ஓட்டையைத் தேடிப் பிடியும். கணக்குப் பொய் சொல்லாது, ஆடுதான் சொல்லுது."

பெயர் வைத்தது

கட்டை அடித்த ஓட்டை ஒன்றும் இல்லை என்று காட்டி, ஆட்டைக் குற்றத்திலிருந்து விடுதலை செய்துவிட்டு, என் பையிலிருந்து மா மாதிரித் தூள் அடைத்த பைக்கற்றை எடுத்தேன். "இதுக்குள்ளை என்ன?" என்றாள் மங்களம். "கிருமி" என்றேன். அவள் இரண்டடி பின்னுக்குப் போனாள். ஆடுகளையும் இழுத்துக்கொண்டு போனாள்.

இந்தச் சில்லெடுப்பு, இந்தத் தொல்லை, எங்களுக்குப் புதிதா, சகபாடிகளே? "மருந்து" என்று சொன்னால் அக்கம்பக்கத்தில் கிணற்றை மூடுவார்கள், கோழியை அடைப்பார்கள், யன்னல் சாத்துவார்கள். "பற்றீரியா" என்று சொன்னால் மாஸ்டர் வந்து வகுப்பு எடுப்பார். யோசித்துப் பார்த்து, குசினிப் பக்கத்தால் போனேன். "பாலை எப்பிடித் தயிராக்குறனீர், பிள்ளை?" என்று கேட்டேன். "உறைமோர் ஒரு கரண்டி விடுவன்." "அந்த உறைமோரிலை இருக்கிறதும் கிருமிதான், நல்ல கிருமி. பாலுக்குள்ளை போய் இடத்தைப் பிடிச்சுப்போடும். பிறகு வாற கெட்டதுக்கு இருக்க இடமில்லை. இதுவும் உந்த மாதிரித்தான். புல்லின்ரை வேரிலையும் இலையிலையும் முந்திப் போய்க் குந்தியிடும். பூஞ்சணம் வந்தால் அதுக்கு இருக்கவும் இடமில்லை, தின்னவும் ஒண்டுமில்லை. மிஞ்சி நிண்டால் இது ஒரு சாறு விட்டு அதைக் கருக்கிப் போடும்."

மங்களத்தின் முகம் தெளிந்தது. பைக்கற்றை வாங்கி, மணந்து, பூசைச் சாமான் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் மெச்சிக்கொண்ட நேரங்கள் எல்லாம் பின்னால் உதைத்தவைதான். அவள் சொன்னாள்: "இதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை. உறைமோர் எண்டு சொல்லுறதை விட்டிட்டு, கிருமி கிருமியெண்டு என்ரை ஆட்டையெல்லோ பயப்பிடுத்திப் போட்டியள்."

பவுசர் தண்ணீர்

மாவை அப்படியே தெளித்தால் காணாது. பெரிய பிளாஸ்ரிக் பரல் ஒன்றில் தண்ணீரும் பனங்கட்டியும் விட்டு மூன்று நாள் பெருக்க வேண்டும். பனங்கட்டி எங்கள் கிருமிக்குக் கல்யாணச் சாப்பாடு. தண்ணீர்தான் பிரச்சினை. அந்த வளவுக் கிணறு உப்பு. இந்த வேலைக்கு உதவாது. பவுசர் லொறியில் ஊருக்கு வருகிற குடிதண்ணீர் நல்லது, ஆனால் அதில் குளோரின். குளோரின் கிருமியைக் கொல்லத்தான் போடுவது. அது நல்லது கெட்டது பார்க்காது. ஆகவே தண்ணீரைப் பரலில் விட்டு, மூடாமல், ஒருநாள் முழுக்க வைத்திருந்து குளோரின் போன பிறகுதான் கிருமியை விடவேண்டும்.

உறைமோர் என்று கேள்விப்பட்ட பிறகு, பரலை வெளியில் வைக்க மங்களம் விடவில்லை. குசினிக்குள் கொண்டுபோய், அடுப்பு மூலைக்கு எதிர்ப்பக்கம் வைத்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டி, பரலின் நெற்றியில் மூன்று குறி திருநீறும் பூசிவிட்டாள். இரண்டாம் நாள் நுரை தள்ளியது. மூன்றாம் நாள் புளிப்பு வாசம் ஒழுங்கை முகப்பு வரைக்கும் போய், வாசிகசாலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் பரலைப் பார்த்தார்கள், திருநீற்றைப் பார்த்தார்கள், கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மணம் பிடித்து வந்த மாஸ்டர் மட்டும் போகவில்லை. தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்ததன் காரணத்தை என்னிடம் மூன்று தரம் கேட்டார். பவுசருக்குக் குடத்தோடு நின்று நின்று அவருக்கு வயிற்றெரிச்சல். கடைசியில் சொன்னார்: "அப்ப நாங்கள் குளோரினைக் குடிக்கலாம், உம்மடை கிருமிக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளாதோ? அடுத்த பிறப்பிலை நான் உம்மடை பரலுக்குள்ளை பிறக்கிறன் காணும்."

உச்சி வெயில்

மூன்றாம் நாள் நான் கண் காட்ட யாழ்ப்பாணம் போகவேண்டி வந்தது. மங்களத்துக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். "சூரியன் அடங்கினாப் பிறகுதான் தெளிக்க வேணும். வெயில் பட்டால் உந்தக் கிருமி வெந்துபோம். விளங்கிச்சோ?" "ஓம் அண்ணை, விளங்கிச்சு." அடுத்த நாள் வந்து கேட்டேன். "அடிச்சிட்டன் அண்ணை, ஒரு சொட்டு மிச்சமில்லாமல்." ஒரு கிழமை பார்த்திருந்தேன். வட்டம் சுருங்கவில்லை, சுளகளவு இருந்தது பாயளவு ஆகிக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு வருசத்தில் என் கிருமி என்னை இப்படிக் கைவிட்டதில்லை. "எத்தினை மணிக்குப் பிள்ளை அடிச்சனீர்?" என்று மெல்லக் கேட்டேன். "பன்ரண்டு மணிக்கு."

பகல் பன்னிரண்டு! பறக்கிற காகம் நிழல் தேடுகிற நேரம்! "நான் என்ன சொன்னனான்?" என்று சத்தம் போட்டேன். அவளும் விடவில்லை. "நீங்கள் சொன்னது சரி அண்ணை. ஆனால் அது உறைமோரெல்லோ! விளக்கு வைச்சாப் பிறகு உப்பு, ஊசி, மோர் மூண்டும் வீட்டை விட்டு வெளியிலை போகக்கூடாது. குசினிக்குள்ளை இருந்ததைத் தூக்கி முத்தத்திலை ஊத்தினா லட்சுமி நிப்பாவோ? அதுதான் வெள்ளனவே எடுத்து அலுவலை முடிச்சனான்."

உறைமோர் என்று பெயர் வைத்தவன் ஆர்? நான். ஆனாலும் விடாமல், "உதெல்லாம் பழங்கதை, ஒரு கரண்டி மோர் குடுத்து ஆர் கெட்டது?" என்றேன். அவள் தன் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "நான் கெட்டனான். கலியாணம் முடிச்ச புதுசிலை, விளக்கு வைச்சாப் பிறகு பக்கத்து வீட்டுப் பெட்டை வந்து கேட்டாளெண்டு ஒரு கரண்டி குடுத்தனான். அடுத்த கிழமை ஊரோடை இடம்பெயர்ந்தது." "உம்மடை ஒரு கரண்டி மோருக்கோ முழுத் தீவும் வெளிக்கிட்டது?" என்று கேட்டேன். மங்களம் சிரிக்கவில்லை. "எதுக்கு வெளிக்கிட்டதெண்டு இண்டைக்குமட்டும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. அதாலை இனிக் குடுத்துப் பாக்க நான் ஆயத்தமில்லை."

வள்ளத்தில் வெடித்தது

மூன்று கிழமைதான் மிச்சம். சபேசன் வீடியோவில் வந்து "புல்லைக் காட்டுங்கோ மங்களமக்கா" என்று கேட்க, இவள் போனைத் திருப்பிக் கிணற்றைக் காட்டினாள், ஆட்டைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள், "சிக்னல் போகுது தம்பி" என்று சொல்லி அமத்தினாள். அவள் அமத்த முன்னம் அவர், கல்லுப் பதிக்கிற ஆட்களோடு கதைத்து வைத்திருக்கிறேன் என்று ஒரு வசனம் சொல்லிவிட்டாராம். என் கையில் மாவும் முடிந்து போயிற்று. முந்தி நான் பங்கு கொடுத்த கிருமி நெடுந்தீவில் விடுதி நடத்துகிற ஒரு சிநேகிதனிடம் இருந்தது. அவன் அதைப் பெருக்கி வைத்திருந்தான். குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் போய், பெரிய பிளாஸ்ரிக் போத்தல் நிறைய வாங்கிக்கொண்டு, அடுத்த வள்ளத்தில் திரும்பினேன்.

இங்கேதான் நான் ஒரு மூத்த தொழிலாளிக்கு அடுக்காத பிழை விட்டேன். பனங்கட்டி விட்ட சரக்கு. மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டேன். மார்கழிக் கடல் வேறு, வள்ளத்தைத் தூக்கித் தூக்கிக் குத்துகிறது. போத்தல் என் மடியில் ஊதிக்கொண்டே வந்தது. நான் அதைக் குழந்தை மாதிரித் தட்டிக் கொடுத்துக்கொண்டு வந்தேன். நடுக்கடலில் 'படார்' என்று ஒரு வெடி! மூடி நயினாதீவுத் திசையில் போனது. இன்றைக்குமட்டும் அது கீழே இறங்கியதாகத் தகவல் இல்லை. நான் நிமிர்ந்து பார்க்கிறேன், வள்ளத்தில் என்னைத் தவிர ஒரு தலையும் தெரியவில்லை. அத்தனை பேரும் படுத்துவிட்டார்கள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் முட்டுப்படவில்லை. எங்கள் சனத்துக்குச் சண்டை ஓய்ந்து எத்தனையோ வருசமாகியும் அந்தப் பாடம் மட்டும் மறக்கவில்லை.

வள்ளத்தில் காவலுக்கு வந்த கடற்படைப் பொடியன் ஒருவன் எழும்பிப் பாய்ந்து வந்து, "ஐயா, என்ன அது?" என்று கேட்டான். கிருமி என்று சொல்ல வாயெடுத்து, முழுங்கிக்கொண்டு, "தயிர், தயிர்" என்றேன். அவன் மூக்கைக் கிட்டக் கொண்டு போனான். பிறகு அடுத்த கரை வரைக்கும் என் பக்கம் வரவேயில்லை. போத்தலில் அரைவாசி மிஞ்சியதை நான் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருக்க, வாங்குப் பலகைக்குக் கீழே கருவாட்டுப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி படுத்திருந்த ஒரு ஆச்சி, தலையைத் தூக்காமலே கேட்டா: "எழும்பலாமோ தம்பி, இல்லாட்டி இன்னொண்டு கிடக்கோ?"

மதகில் இருந்த லட்சுமி

இரவிரவாக யோசித்து ஒரு சட்ட ஓட்டை கண்டுபிடித்தேன். விளக்கு வைத்த பிறகு வீட்டை விட்டு வெளியேதானே போகக்கூடாது? உள்ளே வரலாமே! பரலை என் வீட்டில் வைத்துப் பெருக்கி, பொழுதுபடக் கொண்டுபோனால், மங்களத்தைப் பொறுத்தமட்டில் அது வாசலால் நடந்து வருகிற லட்சுமி. அவளிடம் சொன்னேன். ஒரு நிமிசம் யோசித்து, "உது சரிதான் அண்ணை" என்றாள். வெற்றி! முதல் நாள் மெசினில் நிரப்பி, முதுகில் மாட்டி, வாசலுக்கு வந்தேன். என் மனிசி விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "இஞ்சருங்கோ, எங்கை கொண்டுபோறியள்? மங்களத்தின்ரை வீட்டுக்கு லட்சுமி வேணுமெண்டா என்ரை வீட்டிலையிருந்தோ அனுப்புறது? விளக்கு வைச்சாச்சு. உள்ளுக்கை வையுங்கோ."

ஐம்பது வருசம் குடும்பம் நடத்தியவன் அந்த இடத்தில் வாதாட மாட்டான். ஆகவே அடுத்த நாள் நாலு மணிக்கே சரக்கோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ரோட்டில் ஒரு மதகு இருக்கிறது. அது ஒருவருடைய வீடும் இல்லை. அங்கே லட்சுமிக்குச் சொந்தம் கொண்டாட ஆளில்லை. மெசினை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்துவிட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டேன். சூரியன் அடங்கி, மங்களம் விளக்கு வைத்து, படலையைத் திறந்து பிடித்து "வாங்கோ" என்று சொன்ன பிறகு உள்ளே போய்த் தெளித்தேன். யூரியாவை நிறுத்தினேன். தண்ணீர் விடுவதை விடியற்காலைக்கு மாற்றினேன். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டுமே பாதி வேலை செய்திருக்கும். அதை நான் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம்.

மூன்று நாளைக்கு ஒருமுறை இந்தக் காவல். குறிகட்டுவான் பஸ்சில் போகிற சனம், மதகில் ஒரு கிழவன் சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்றோடு பொழுதுபடக் காத்திருக்கிறான் என்று கண்டு, அது கள்ளுத்தான் என்று முடிவு கட்டியது. நாலாம் தரம் மதகில் எனக்கு இருக்க இடமில்லை. அஞ்சு பேர் முந்திக்கொண்டு வந்து குந்தியிருந்தார்கள். மாஸ்டர் நடுவில். அவருக்கு விசயம் முழுக்கத் தெரியும். அவரை வாட்டியது வேறு கணக்கு. "நாலு மணிக்கு உம்மடை வீட்டை விட்டு வெளிக்கிடுது. ஆறரைக்கு மங்களத்தின்ரை வீட்டுக்குப் போகுது. இடையிலை ரெண்டரை மணித்தியாலம் லட்சுமி ஆற்றை சொத்து?" என்றார். "மதகின்ரை" என்றேன். குழிவிழுந்த ரோட்டை ஒருதரம் பார்த்தார், தன் ஒழுங்கையை ஒருதரம் பார்த்தார். "அப்ப அடுத்த முறையிலையிருந்து எங்கடை ஒழுங்கை முகப்பிலை வந்து குந்தும் காணும். ரெண்டரை மணித்தியாலத்துக்கு ஒரு முழம் தார் போட்டாலும் எனக்குக் காணும்."

கதிரைக்குக் கீழே

ஏழு வட்டம் மாறிவிட்டது. கறுத்த ஓரம் மறைந்து, நடுவில் ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பி, எங்கே நோய் இருந்தது என்று எனக்கே தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது. எட்டாவது மட்டும், வாசலுக்கு நேரே, சுளகளவுக்குச் சுருங்கி, அதற்கு மேல் அசையமாட்டேன் என்று கிடந்தது. என்ன பகையோ. சபேசன் வருகிற அன்று அதற்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கி வைத்தேன். யோசனை நல்லதுதான். மனிசன் வானால் இறங்கினார், சப்பாத்தைக் கழற்றினார், வெறுங்காலோடு புல்லில் நடந்து வந்து அந்தக் கதிரையில் இருந்தார். இருந்தவர் எழும்பவில்லை. தேத்தண்ணீர் அதில், சாப்பாடு அதில், நித்திரையும் அதில். கல்லுப் பதிக்கிறவர்கள் அளவெடுக்க வந்தபோதும் அதில் இருந்தபடிதான் கதைத்தார். நானும் மங்களமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்னேர வெயில் முகத்தில் அடித்தது. சபேசன் எழும்பி, கதிரையைத் தூக்கி நிழலுக்கு நகர்த்தினார். வட்டம் பல்லிளித்தது. அவர் குனிந்து பார்த்தார். எனக்கு உடனே ஒரு கதை ரெடி: இது நோயில்லை, கதிரைக் காலின் சூடு என்று தொடங்கி, மலைநாட்டுத் துரை ஒருவரின் கதிரையில் போய் முடிகிற கதை. வாயைத் திறந்தேன். மங்களம் முந்திவிட்டாள். "அது நோய், தம்பி. எட்டு இருந்தது. நான்தான் யூரியாவைக் கூடப் போட்டு, பொழுதுபடத் தண்ணியும் விட்டு வரப்பண்ணினது. ஏழை மாத்திப்போட்டம். உது ஒண்டு கேக்குதில்லை." சொல்லிவிட்டு, அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஏற்கனவே ஒரு பையில் உடுப்பு அடுக்கி வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

சபேசன் வட்டத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எட்டிலை ஏழோ?" என்று கேட்டார். "ஓம்." "அங்கை என்ரை வீட்டு வாசலிலையும் உப்பிடி மூண்டு கிடக்கு. கொம்பனிக்காரன் வருசா வருசம் வந்து மருந்தடிக்கிறான். மூண்டு இப்ப அஞ்சாப்போச்சு. நீங்கள் என்னத்தை அடிச்சனீங்கள்?" நான் மங்களத்தைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். "உறைமோர்" என்றோம் இருவரும் ஒன்றாக. அவர் சிரிக்கத் தொடங்கினார், நிறுத்தமுடியாமல் கதிரையில் போய் விழுந்தார். சிரிப்பு அடங்க, கல்லுப் பதிக்க அளவெடுத்தவர்களைக் கூப்பிட்டு, கல்லு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பிறகு வட்டத்தைச் சுட்டிக் காட்டி, "உதை மாத்த ஆள் நிக்கத்தானே வேணும் அக்கா? நீங்கள் எங்கையும் போகவேண்டாம். ஐயாவும் வந்து வந்து பாக்கட்டும்" என்றார். மங்களம் பையைத் தூக்கிக்கொண்டு போய் உடுப்புகளைத் திரும்பக் கொடியில் போட்டாள். கடைசிச் சேலையை உதறி விரித்துக்கொண்டே, அவருக்குக் கேளாமல் என்னிடம் சொன்னாள்: "நல்ல காலம் அண்ணை, உங்கடை கிருமி ஒண்டை மிச்சம் விட்டது. எட்டும் மாறியிருந்தா, இனி நீங்கள் ரெண்டுபேரும் என்னத்துக்கு எண்டு கேட்டிருப்பார்."

ஆக, சகபாடிகளே, எங்கள் தொழிலில் முழு வெற்றி கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்தாலும், அதில் ஒரு சுளகளவைத் தொடாமல் விட்டுவைப்பதுதான் புத்தி.